வால்மார்ட் வாங்கும் விதம்

பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் அப்பா நடத்திய மளிகைக் கடையில் பத்து வருடம் கல்லாவில் உட்கார்ந்தவன் நான். போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், "வால்மார்ட் நேரடியா கடை திறந்திருந்தா பெங்களூர்ல நம்ம ஆளுங்க கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்" என்றார் ஒரு பெரியவர். பந்தியில் எல்லோரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் எப்போதும் வால்மார்ட் என்ற அந்த அமெரிக்கக் கடைச் சங்கிலி என்ன விலைக்கு விற்கிறது என்றுதான் பார்க்கிறோம். அதன் பலம் அது வாங்கும் இடத்தில் இருக்கிறது.

சாம் வால்டன் 1962-ல் அர்கான்சாஸ் மாநிலத்தின் ரோஜர்ஸ் என்ற சின்ன ஊரில் முதல் கடையைத் திறந்தார். பெரிய நகரங்களை விட்டுவிட்டு, மற்றவர்கள் சீண்டாத சிற்றூர்களாகப் பார்த்துப் போனார். நடுவில் ஒரு கிடங்கு, அதிலிருந்து ஒரு நாள் லாரி ஓட்டத்துக்குள் கடைகள். கிடங்கின் ஒரு பக்கம் இறங்கும் சரக்கு அடுக்கில் ஏறாமலே மறுபக்கம் நிற்கும் லாரிக்குப் போய்விடும். சரக்கு தூங்கினால் பணமும் தூங்கும் என்பது மளிகைக்காரன் எவனுக்கும் தெரியும். வால்டன் அதை லாரி, கிடங்கு, கணினி என்று ஒரு அமைப்பாகவே கட்டினார். 1987-ல் சொந்த செயற்கைக்கோள் இணைப்பு வந்தது. எந்தக் கடையில் எத்தனை சோப்பு விற்றது என்று தலைமையகத்துக்கு உடனுக்குடன் தெரிந்தது.

இன்னொன்றை நம் ஆட்கள் கவனிப்பதே இல்லை. வால்மார்ட்டின் 'தினமும் குறைந்த விலை' என்பதை விளம்பர வாசகமாக நினைக்கிறோம். ஆடித் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி என்று ஏற்றி இறக்கினால் ஒரு வாரம் கூட்டம் பிதுங்கும், அடுத்த வாரம் ஈ ஓட்ட வேண்டும். விலை நிலையாக இருந்தால் விற்பனையும் ஓரளவு சீராகும். லாரி, ஆள், சரக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்குப் போடலாம். மிச்சமாகும் அந்தச் செலவில்தான் விலை குறைகிறது.

ஆனால் இந்த அமைப்பு எல்லா மண்ணிலும் ஓடாது. ஜெர்மனியில் ஓடவில்லை. அங்கே ஆல்டி, லிடில் என்று குறைந்த விலைக்காரர்கள் ஏற்கெனவே வேரூன்றி இருந்தார்கள். அடக்க விலைக்கும் கீழே விற்கிறாய் என்று 2000-ல் அந்நாட்டுப் போட்டி ஆணையமும் தடுத்தது. 2006-ல் வால்மார்ட் 85 கடைகளை மெட்ரோ நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. 2003-லேயே நம் யஷ்வந்த்பூருக்கு மொத்த விற்பனைக் கடையோடு வந்த அதே மெட்ரோதான். அந்த மெட்ரோவும் தன் இந்தியக் கடைகளை 2023-ல் ரிலையன்ஸிடம் விற்றுவிட்டுப் போய்விட்டது.

இங்கே வால்மார்ட் 2007-ல் பார்தி நிறுவனத்தோடு கைகோத்து, 2009-ல் அமிர்தசரஸில் மொத்த விற்பனைக் கடை திறந்து, 2013-ல் பிரிந்தது. சில்லறையில் 51 சதவீத அந்நிய முதலீட்டுக்கு 2012-ல் அனுமதி வந்தும், அத்தனை நிபந்தனைகள். அப்புறம் 2018-ல் 1,600 கோடி டாலர் கொடுத்து, இதே ஊரில் பிறந்த ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதத்தை வாங்கியது. ஐம்பது கிராம் கடுகு வாங்கும் தெருவில் கார் நிறுத்த இடம் தேடி அலைவதை விட, கிடங்குகளையும் விற்பனைத் தகவலையும் வாங்குவது மேல் என்று கணக்குப் போட்டிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, எங்கள் கடைக்கு வருகிறேன். ஒரு நாள் அப்பா ஒரு பெரிய கடையில் குளியல் சோப்பின் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ஸ்டாக்கிஸ்ட், அதாவது கம்பெனி சரக்கை எடுத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர், எங்களுக்குப் போடும் ரேட்டை விட, அங்கே வாடிக்கையாளருக்கு விற்கும் விலை குறைவு. வாராவாரம் வரும் சேல்ஸ்மேனிடம் கேட்டார். "அண்ணாச்சி, எங்க ஸ்டாக்கிஸ்டுக்கே அந்த ரேட்டு கிடையாது" என்று அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான். பதினெட்டு வருடம் ஒரு நாள் தவறாமல் பில்லுக்குப் பணம் கட்டியவர் அப்பா. அன்று ராத்திரி அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

வால்மார்ட் மாதிரி மொத்தமாக வாங்குபவனுக்கு விலை குறைவது நியாயம். லாரி வாடகை மிச்சம், வசூல் அலைச்சல் மிச்சம். அந்த மிச்சத்துக்கும் மேலே கொடுக்கும் சலுகையை யார் சுமக்கிறார்கள்? நாங்கள் சுமக்கிறோம். 2022 ஜனவரியில் மகாராஷ்டிர விநியோகஸ்தர்கள் கோல்கேட்டின் சில பொருட்களை விற்க மாட்டோம் என்று நிறுத்தியதும் இந்த விலை வித்தியாசத்துக்காகத்தான். வால்மார்ட் பிறந்த அமெரிக்காவிலேயே, ஒரே சரக்கை ஒருவனுக்கு ஒரு விலை, இன்னொருவனுக்கு ஒரு விலை என்று விற்றுப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்க 1936-லேயே சட்டம் போட்டார்கள். பல வருடங்களாக அது ஏட்டில் தூங்கியது வேறு விஷயம். நம் வணிகர் சங்கங்கள் அந்நிய முதலீடு வேண்டாம் என்று கொடி பிடித்த நேரத்தில் பாதியையாவது, ரேட்டு வித்தியாசத்துக்குக் கணக்குக் காட்டு என்று கேட்கச் செலவழித்திருக்க வேண்டும்.

கேட்பதோடு நிற்கவும் கூடாது. அப்பாவும் பக்கத்துத் தெருக் கடைக்காரர்கள் நாலு பேரும் சேர்ந்து மொத்தச் சந்தை யார்டிலிருந்து ஒரே லாரியில் அரிசி இறக்கினார்கள். மூட்டைக்கு நல்ல பணம் மிஞ்சியது. எட்டு மாதத்தில் நின்றுபோனது. ஒருவர் பங்குப் பணத்தைத் தள்ளித் தள்ளிக் கொடுத்தார், மற்றவர்களுக்கு மனசு விட்டுப்போனது. இப்போது முன்பணம் வந்த பிறகே லாரி என்று வைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் வராது. துவரம் பருப்பும் எண்ணெயும் மட்டும் முதலில். ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் மாதம் எத்தனை மூட்டை, எத்தனை டின் ஓடுகிறது என்று எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். பத்துக் கடை சேர்ந்தால் தரகுப்பேட்டை மொத்தக் கடைகளில் ரேட்டு பேச நானே போகிறேன்.