ஈகிள் ஸ்கவுட் நேர்காணல் மறுதேர்வு அல்ல

"ஈகிள் ஸ்கவுட் நேர்காணலில் முடிச்சு போட்டுக் காட்டச் சொல்வார்கள், முதலுதவியைத் திரும்பச் சோதிப்பார்கள், ஒருவர் வேண்டாம் என்றால் கதை முடிந்தது" என்று, அமெரிக்க சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த தகுதியான ஈகிள் ஸ்கவுட்டைப் பற்றி மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து பிள்ளைகளை இப்படிப் பயமுறுத்தாதீர்கள். அமெரிக்காவிலிருந்து பெங்களூரு ஒயிட்ஃபீல்டுக்குத் திரும்பிய என் அக்கா மகன் இதைப் படித்துவிட்டு, ராத்திரி 11 மணிக்குக் கட்டில் காலில் கயிறு கட்டிப் பழகிக்கொண்டிருக்கிறான்.

திறன்களைச் சோதிப்பது நம்மூர் சாரணர்களுக்கான குடியரசுத் தலைவர் விருதான ராஷ்டிரபதி புரஸ்கார் தேர்வு முகாமில். இரண்டையும் போட்டுக் குழப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். அமெரிக்க ஸ்கவுட்டிங்கின் போர்டு ஆஃப் ரிவ்யூ, அதாவது இந்த நேர்காணல், மறுதேர்வு ஆகக்கூடாது என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. வாங்கிய 21 மெரிட் பேட்ஜும் (ஒவ்வொரு துறையிலும் திறன் காட்டி வாங்கும் பட்டை) வாங்கியதுதான். 3 முதல் 6 பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவார்கள்; பெற்றோரும் அந்தப் பிள்ளையின் சாரணர் குழுத் தலைவர்களும் அதில் உறுப்பினராக முடியாது. "சேவைத் திட்டத்துக்குச் சொன்ன ஆள் வராதபோது என்ன செய்தாய்?" என்கிற மாதிரிக் கேள்விகள்தான் வரும். நேரில் போக வழியில்லாதவர்களுக்கு வீடியோவில் நடத்தவும் இடமுண்டு.

முடிவு ஒருமனதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் உண்மை. அப்புறம், மறுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும், மேல்முறையீடும் செய்யலாம்.