கெட்டி ஆயில் ஊற்றுவது தீர்வாகாது

பழைய மாஸி பெர்குசன் 135 டிராக்டரில் இன்ஜின் சூடானதும் ஆயில் பிரஷர் முள் இறங்கினால் ஆயில் பம்ப் தேய்ந்துவிட்டது என்றும், கெட்டியான ஆயிலுக்கு மாறினால் போதும் என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி ஓட்டினால் கிராங்க் ஷாஃப்டையே (பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இழக்க நேரிடலாம் என்பதால் திருத்துகிறேன்.

பம்ப் ஆயிலைத் தள்ளத்தான் செய்கிறது. ஆயில் வெளியேறும் இடைவெளிகள் குறுகலாக இருப்பதால்தான் பிரஷர் உருவாகிறது. கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்து அந்த இடைவெளி கூடிவிட்டால், புதிய பம்ப் போட்டாலும் சூட்டில் இளகிய ஆயில் வழிந்தோடிவிடும். கெட்டி ஆயில் முள்ளை உயர்த்திக் காட்டுமே தவிர தேய்மானத்தைச் சரிசெய்யாது. குளிர்ந்த இன்ஜினை இயக்கும்போது பேரிங்குகளை அது தாமதமாகவே சென்றடையும்.

முதலில் டிப் ஸ்டிக்கை (ஆயில் மட்டம் காட்டும் கம்பி) உருவி, நுனியில் நிற்கும் சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்து முகர்ந்து பாருங்கள். ஆயில் ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்து டீசல் வாடையும் அடித்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்பின் டயாஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்து டீசல் சம்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆயிலோடு இன்ஜினை ஒரு நிமிடம்கூட ஓட்டாதீர்கள். அடுத்து, சரியென்று தெரிந்த வேறொரு பிரஷர் மீட்டரை இணைத்து, இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு அளவெடுங்கள். உண்மையிலேயே குறைவு என்றால் சம்பைக் கழற்றி, சல்லடை அடைத்திருக்கிறதா, பிரஷர் அளவு மீறும்போது ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வு அழுக்கில் சிக்கித் திறந்தே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு பேரிங் மூடியையாவது இறக்கிப் பாருங்கள். பேரிங்கின் சாம்பல் நிறப் பூச்சு தேய்ந்து செம்பு தெரிந்தால் பழுது பம்பில் மட்டும் இல்லை.