வாட்ஸ்அப் அழைப்பும் ஐபி முகவரியும்

முனைக்கு முனை மறையாக்கம் (பேசுகிற இருவரைத் தவிர வேறு யாரும் கேட்கவோ படிக்கவோ முடியாதபடி பூட்டும் முறை) இருப்பதால், வாட்ஸ்அப்பில் நாம் அழைப்பவருக்கு நம் ஐபி முகவரி (இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) தெரியவே தெரியாது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை வழிமொழிந்திருக்கிறார்கள். அன்புடன் ஒரு திருத்தம்.

மறையாக்கம் காப்பது பேச்சின் உள்ளடக்கத்தை. முகவரி வேறு விஷயம். குறுஞ்செய்திகள் எப்போதும் வாட்ஸ்அப் சர்வர் வழியாகவே போகின்றன. ஆனால் இருவர் மட்டும் பேசும் அழைப்பில், குரல் தடங்கலின்றி விரைவாகச் சேர்வதற்காக இரண்டு கருவிகளும் இயன்றவரை நேரடியாக இணைகின்றன. அப்படி இணைய, ஒன்றின் ஐபி முகவரி மற்றதற்குத் தெரிந்தாக வேண்டும். கடிதம் உறைக்குள் இருந்தாலும் உறைமேல் முகவரி வேண்டுமல்லவா, அதுபோலத்தான். குழு அழைப்புகள் சர்வர் வழியாகவே செல்கின்றன.

நீங்களே சோதிக்கலாம். கணினியில் கணினிக்கு வந்துபோகும் இணையத் தரவைக் காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளைத் திறந்துவைத்து, வேறு இணைய இணைப்பில் இருக்கும் நண்பரை, அவர் சம்மதத்துடன், கணினியின் வாட்ஸ்அப் செயலியிலிருந்து அழையுங்கள். நேரடி இணைப்பு அமைந்திருந்தால், யூடிபி பொட்டலங்கள் (குரலைச் சுமந்து செல்லும் சிறு தரவுத் துண்டுகள்) அவருடைய பொது ஐபி முகவரிக்கே போவதைக் காண்பீர்கள். சில நெட்வொர்க்குகளில் நேரடி இணைப்பு அமையாது. அதனால் ஒரே சோதனையில் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்து, கைபேசியில் வாட்ஸ்அப் செயலியின் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியின் மேம்பட்ட தெரிவுகளுக்குள், அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் வசதியை இயக்குங்கள். 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட வசதி இது. இயக்கியபின் அழைப்புகள் சர்வர் வழியாகச் சுற்றிச் செல்லும். ஒலித்தரம் சற்றுக் குறையலாம். முன்பின் தெரியாதவர்களுடன் பேச நேர்பவர்கள், குறிப்பாகப் பெண்களும் செய்தியாளர்களும், இதை இன்றே இயக்கிவையுங்கள்.