உளுத்த கட்டையும் சாயத்தண்ணியும்

மழை நாளில் கொல்லையில் கிடக்கிற உளுத்த கட்டையைப் பிட்டுப் பாருங்கள். சில கட்டைகள் உள்ளே வெளுத்து, நார்நாராகப் பஞ்சு மாதிரி வரும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னினை வெண்ணழுகல் பூஞ்சை தின்றுவிட்டது என்று அர்த்தம். லேக்கேஸ், பெராக்சிடேஸ் என்ற நொதிகளைச் சுரந்து அது லிக்னினை உடைக்கிறது. அதே நொதிகளுக்குச் சாயமும் தப்பாது. ஃபனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற பூஞ்சை சாயத்தின் நிறத்தைப் போக்குவதை 1983லேயே ஆய்வில் காட்டிவிட்டார்கள்.

அப்புறம் ஏன் திருப்பூரில் ஒரு சாயக்கழிவுத் தொட்டியில்கூட அதைப் பார்க்க முடியவில்லை என்று எனக்கு வெகுநாள் ஆதங்கம். படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. ஆய்வகக் குடுவையில் கிருமி நீக்கிய தண்ணீர், லேசான புளிப்பு, தீனிக்குச் சர்க்கரை. சாயப்பட்டறைத் தண்ணீரோ சோடா போட்டுக் காரமேறி, சூடாக, உப்போடு வருகிறது. கூடவே பாக்டீரியாக்கள் புகுந்து தீனியை முதலில் காலி செய்துவிடும். பூஞ்சை நிதானமாக வளர்கிற ஜாதி, போட்டியில் தோற்றுவிடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்ணீர் தெளிந்து பூஞ்சை நீலமாகியிருந்தால் சாயம் அழியவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

உப்பைப் பூஞ்சை தொடாது, இதை அழுத்திச் சொல்கிறேன். நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே சாயக்கழிவு நிலத்தைக் கெடுத்ததில் உப்புக்குப் பெரிய பங்கு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற விதியை மீறியதற்காகத்தான். காளானைக் காட்டி அந்த விதியைத் தளர்த்தக் கேட்டால் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஆனால் நிறத்தை எடுக்கிற கட்டத்தில் வாய்ப்புக் கொடுத்தே ஆக வேண்டும். இப்போது பல இடங்களில் ரசாயனம் போட்டுத்தான் நிறத்தைப் படிய வைக்கிறார்கள், கசடு மூட்டை மூட்டையாகச் சேருகிறது. எங்கள் பெரியம்மா சிப்பிக் காளான் வளர்க்கிறார். அறுவடை முடிந்த பையைக் கிழித்தால் வைக்கோல் முழுக்க வெள்ளை நூல் பின்னியிருக்கும், ஈர மண் வாசம் அடிக்கும். சிப்பிக் காளானும் வெண்ணழுகல் இனம்தான், அந்த வைக்கோலில் லேக்கேஸ் மிச்சம் இருக்கும். அதை எருக்குழியில் கொட்டுகிறோம்.

ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஓரத்தில் ஒரு தொட்டி தாருங்கள். காரத்தைக் குறைத்த நிஜப் பட்டறைத் தண்ணீரை இந்த வைக்கோல் வழியாக ஒரு வருஷம் விடுங்கள், வெயிலும் மழையும் சேர்த்து. நிறம் எவ்வளவு போனது, சாயம் உடையும்போது உருவாகக்கூடிய நச்சு அமீன்கள் மிஞ்சினவா, வைக்கோலை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருந்தது என்று மாதாமாதம் எழுதி, பட்டறைக்காரர்களும் நொய்யல் கரை விவசாயிகளும் பார்க்கும்படி வாசலில் ஒட்டுங்கள்.