அந்த அம்மாவைப் பேச விட்டிருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை நம் வாசகர் வட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். மூன்று நாள் பொறுத்தேன், இனி முடியவில்லை. 1921-ஆம் ஆண்டு பி அண்ட் சி மில் (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் துணி ஆலை) வேலைநிறுத்தம் பற்றிய நூலைப் பெரம்பூரில் உட்கார்ந்து பேசுகிறோம். புளியந்தோப்பிலிருந்து வந்த ஓர் அம்மா, தம் தாத்தா அந்த மில்லில் இருந்தவர் என்று தொடங்கியதுமே, "சொந்தக் கதை வேண்டாம், நூலில் உள்ளதை மட்டும் பேசுவோம்" என்று தடுத்தது சரியில்லை.

என் தந்தையும் அந்த மில் தொழிலாளிதான். 1996-இல் மில்லை மூடிய பிறகும், சங்கு ஊதும் நேரத்துக்கு விழித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருப்பார். எண் பொறித்த அவருடைய பித்தளை வில்லை, விளிம்பு தேய்ந்து, இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கிறது. அதைக் கையில் வைத்து விளையாடி வளர்ந்தவனிடம், வரலாறு வேறு, வீட்டுக் கதை வேறு என்றால் வலிக்கத்தான் செய்யும்.

நினைவு பிசகும் என்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியதையும் 1921 போராட்டத்தையும் என் தந்தையே குழப்பிச் சொல்வார். ஆனால், அந்தப் போராட்டத்தில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்திய போலீஸ் எழுதி வைத்த அறிக்கை பிசகாதா? அதை ஆதாரம் என்று ஏற்கிறோம்; சுடப்பட்ட பக்கத்திலிருந்து வந்த பேச்சை மட்டும் சொந்தக் கதை என்று ஒதுக்குகிறோம்.

சாதிப் பேச்சு வந்துவிடும் என்று அஞ்சியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது வராமல் அந்த ஆண்டைப் பேசவே முடியாது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. அதனால் மூண்ட மோதலில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. சங்கத்தின் பக்கம் திரு.வி.க. நின்றார், ஆதிதிராவிடர் பக்கம் அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா நின்றார். மாதக்கணக்கில் கூலியில்லாத வீட்டில் எதை அடகு வைத்தார்கள், குடிசை எரிந்தவர்கள் எங்கே போய்ப் படுத்தார்கள் என்பதை எந்த அறிக்கை சொல்லும்? அந்த அம்மாவின் வீட்டில் அதைப் பேசியிருப்பார்கள். புளியந்தோப்பு என்றாலே அடிதடி என்று படமெடுப்பவர்கள்தாம் இத்தனை காலம் எங்களுக்காகப் பேசினார்கள். எங்கள் வட்டத்திலுமா எங்கள் வாயை அடைப்பது?

நேரமில்லாததால்தான் தடுத்தோம் என்பதை நான் ஏற்கவே மாட்டேன். அறிமுக உரை மட்டும் முக்கால் மணி நேரம் நடந்தது.

அடுத்த மாதக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை அந்த அம்மாவுக்கு ஒதுக்குங்கள். தடுத்தவரே அவர் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். வழி தெரியாதென்றால் நான் உடன் வருகிறேன்.