'பார்க்க ஒன்றுமில்லை' என்ற ஊரில் ஆறு மணி நேரம்

கரையிலிருந்து கப்பலுக்குத் திரும்பும் படகில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் தன் மனைவியிடம் சொன்னார்: "இதற்காகவா இரண்டு நாள் கடலில் கிடந்தோம்? இந்த ஊரில் பார்க்க ஒன்றுமே இல்லையே." அப்போது நான் வாய் திறக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகும் மனம் ஆறாததால் எழுதுகிறேன்.

ஊரின் பெயர் ஸ்டான்லி. தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் ஃபாக்லாந்து தீவுகளின் தலைநகர். மக்கள்தொகை 3,000-க்குள். பெரிய சுற்றுலாக் கப்பல் ஒன்று வந்து நின்றால் வந்தவர்கள் கூட்டம் ஊர்க்காரர்களின் எண்ணிக்கையைத் தொட்டுவிடும். அவ்வளவு பெரிய கப்பல் ஊர்த் துறைமுகத்துக்குள் நுழைய முடியாது. வெளியே போர்ட் வில்லியம் விரிகுடாவில் நங்கூரம் போட்டு, குறுகிய கடல்வாய் வழியாகச் சிறு படகுகளில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறார்கள். காற்று சற்று மிஞ்சினால் போதும், படகு இறக்க மாட்டார்கள். கப்பல் அப்படியே போய்விடும்.

இப்படி ஆகும்போது கப்பலில் இருப்பவர்கள் தங்கள் ஏமாற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். கரையில் என்ன நடந்திருக்கும் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கும் அது தோன்றியதில்லை, தேநீர்க் கடையில் அந்த அம்மாவைப் பார்க்கும்வரை. தேநீர் இடைவேளையை அங்கே 'ஸ்மோகோ' என்கிறார்கள். கேக் இல்லாமல் ஸ்மோகோ இல்லை. 'டிடில்-டீ' என்றொரு சிறு சிவப்புக் காட்டுப்பழத்தில் செய்த ஜாமை ரொட்டியில் தடவிக் கொடுத்தார். முதலில் துவர்ப்பு, பிறகுதான் இனிப்பு. நன்றாக இருக்கிறது என்றதும் அவர் சொன்னார்: "நேற்று வரவேண்டிய கப்பல் காற்றினால் திரும்பிவிட்டது. அவர்களுக்காகச் சுட்ட கேக்கைத்தான் இன்று உங்களுக்கு வெட்டித் தருகிறேன்." குறையாகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். பென்குயின் பார்க்க அழைத்துப் போவதற்காக ஊருக்கு வெளியே இருக்கும் பண்ணைகளிலிருந்து விடியற்காலையிலேயே ஜீப்புகளை ஓட்டி வந்து காத்திருந்தவர்களும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். கப்பல் வரும் காலம் வருடத்தில் சில மாதங்கள்தான்.

படகுத்துறையிலிருந்து மேற்கே கரையோரமாக நடந்தேன். 1892-இல் திறக்கப்பட்ட தேவாலயம், அதன் பக்கத்தில் இரண்டு நீலத் திமிங்கிலங்களின் தாடை எலும்புகளால் 1933-இல் எழுப்பிய வளைவு. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் நடந்தால் ஆழமில்லாத நீரில் ஒரு மரக்கப்பலின் மிச்சம் கிடக்கிறது. அதன் பெயர் ஜீலம். ஆம், பஞ்சாபில் ஓடும் அதே ஜீலம் நதியின் பெயர்தான். 1849-இல் லிவர்பூலில் கட்டியது. தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் பறவை எச்ச உரத்தை ஏற்றிக்கொண்டு, அந்தக் கண்டத்தின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றி 1870-இல் ஒழுகியபடி இந்தத் துறைமுகத்துக்குள் வந்தது; பிறகு வெளியே போகவே இல்லை. கருத்த மரவிலாக்களில் கடற்பாசி தொங்கியது. ஆணி இருந்த இடமெல்லாம் துரு வழிந்து செம்பழுப்பாக இருந்தது. பக்கத்தில் பறக்கத் தெரியாத வாத்து ஒன்று தண்ணீரை இறக்கையால் அடித்துக்கொண்டு போனது. இந்தத் தீவுகளைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம் அது. நெடுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

இந்த ஊர் பெரும்பாலும் அடிபட்ட கப்பல்களால் பிழைத்த ஊர். ஹார்ன் முனையின் புயலில் பாய்மரம் முறிந்தவை, ஓட்டை விழுந்தவை எல்லாம் ஒதுங்க இதைவிட்டால் அருகில் வேறு இடமில்லை. 1914-இல் பனாமா கால்வாய் திறந்ததும் அந்த வழியில் போக்குவரத்துக் குறைந்துபோனது. ஒதுங்கிய கப்பல்களில் சில இன்னும் கரையோரம் மட்கிக்கொண்டிருக்கின்றன.

அர்ஜென்டினா இந்தத் தீவுகளைப் பிடிக்க, பிரிட்டன் மீட்கப் படை அனுப்பிய போரைப் பற்றி நம் ஆட்கள் அறிந்தது ஒரு வரிச் செய்திதான். 1982, 74 நாட்கள், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், பிரிட்டன் தரப்பில் 255 பேர் இறந்தார்கள். தீவுவாசிகளில் இறந்த மூவரும் பெண்கள். இதே ஊரில், பாதுகாப்புக்காகக் கூடியிருந்த ஒரு வீட்டில், தங்களை மீட்க வந்த பிரிட்டிஷ் படையின் குண்டுக்கே பலியானார்கள். இதைப் படித்த பிறகு வண்ணம் பூசிய தகரக் கூரைகளை வெறும் அழகாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஊருக்குப் பக்கத்து வெண்மணல் கடற்கரைகள் போருக்குப் பிறகு பல பத்தாண்டுகள் கண்ணிவெடி வேலிக்குள் கிடந்தன. பென்குயின்களின் எடைக்கு வெடிகள் வெடிக்காது. ஆகவே மனிதர்கள் போக முடியாத மணலில் அவை நிம்மதியாக வாழ்ந்தன. 2009-இல் தொடங்கிய அகற்றும் வேலை 2020 நவம்பரில்தான் முடிந்தது. மண்டியிட்டு அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறியவர்களில் பெரும்பாலோர் ஜிம்பாப்வே நாட்டினர். அவர்களில் பலர் குடும்பத்தை வரவழைத்து இங்கேயே தங்கிவிட்டார்கள். கண்ணிவெடி எடுக்க வந்தவர்கள் இன்று இந்த ஊர்க்காரர்கள்!

பென்குயின் பார்க்கப் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. நானும் போனேன், கழுதைபோலக் கத்தும் மகெல்லன் பென்குயின்களைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆனால் கப்பலிலிருந்து நேராக வண்டி, வண்டியிலிருந்து பென்குயின், திரும்ப நேராகக் கப்பல், சாப்பாடும் கப்பலில்தான் என்று ஆறு மணி நேரத்தைக் கழித்துவிட்டு ஊரில் ஒன்றுமில்லை என்பது அநியாயம். நாம் கால் வைத்தது ஒரு ஊரில். அங்கே ஒருவேளையாவது சாப்பிட வேண்டும், யாரிடமாவது இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

ஐயா, அந்தப் படகில் இருந்தவரே, மறுபடி அங்கே போக வாய்த்தால் துறையில் இறங்கியதும் வலப்பக்கம் திரும்பி நடங்கள். தண்ணீர் உங்கள் வலது கையில் இருக்கட்டும். தேவாலயத்தைத் தாண்டியும் நிற்காமல் போங்கள். கருத்த மரவிலாக்கள் கண்ணில் படும்.