ஊறிய அரிசியும் அறுத்துவிட்ட கயிறும்

பாய்மரக் காலத்துக் கடல் சாகச நாவல்களைப் படமாக்குகிறவர்கள் முதலில் கைவைப்பது பீரங்கியில். படித்த எனக்கோ முதலில் ஞாபகம் வருவது அரிசி.

ஆங்கில நாவலாசிரியர் சி.எஸ். ஃபாரஸ்டரின் கதை ஒன்றில், பிடிபட்ட பிரெஞ்சு சரக்குக் கப்பலை நாலே ஆட்களோடு பிரிட்டிஷ் கடற்படையின் இளைஞன் ஹார்ன்புளோயரிடம் ஒப்படைக்கிறார்கள். சரக்கு அரிசி. நீர்மட்டத்துக்குக் கீழே குண்டு துளைத்த ஓட்டை இருப்பது அவனுக்குத் தெரியாது. அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று அளந்து பார்க்கிறான். சொட்டுக்கூட இல்லை. எப்படி இருக்கும், வருகிற தண்ணீரையெல்லாம் அரிசி குடித்துக்கொண்டிருக்கிறதே! ஊறி உப்பி, மேல்தளப் பலகைகளை நெம்பும்போதுதான் அவனுக்கு உறைக்கிறது. சண்டை முடிந்து ஓய்ந்த பிறகு, ஒரு கப்பல் உள்ளிருந்தே பிளந்து மூழ்குகிறது. 1998-இல் தொடங்கிய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர் இந்த நிகழ்ச்சியை விட்டுவிடாமல் எடுத்ததற்கே அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

அதே ஹார்ன்புளோயரை வைத்து 1951-இல் வந்த திரைப்படம் மூன்று நாவல்களை இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்தது. ஹார்ன்புளோயராக கிரிகரி பெக் கம்பீரமாகத்தான் நிற்கிறார். ஆனால் நாவலின் ஹார்ன்புளோயர் உள்ளுக்குள் ஓயாமல் தன்னையே சந்தேகிப்பவன். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலிலேயே வாந்தி எடுத்தவன். அந்த மனிதனைப் படத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் 2003-இல் பீட்டர் வெயர் எடுத்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்'. படத்துக்கு அடிப்படையான பேட்ரிக் ஓ'பிரையனின் நாவலில் 1812-இல் மூண்ட போர், எதிரி அமெரிக்கக் கப்பல். படத்தில் 1805, எதிரி பிரெஞ்சுக்காரன். நாவலைக் கெடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்படுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆண்டு மாறலாம், கொடி மாறலாம். கப்பலுக்குள் வாழும் வாழ்க்கை மாறவில்லையே.

தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்ன் பக்கம் புயலில் பாய்மரம் முறிந்து, ஒரு மாலுமி அதோடு கடலில் விழும் காட்சியைப் பாருங்கள். முறிந்த மரம் கயிறுகளில் சிக்கிக் கப்பலைப் பின்னுக்கு இழுக்கிறது. அறுக்காவிட்டால் எல்லோரும் மூழ்க வேண்டியதுதான். விழுந்தவனோ அந்த மரத்தைப் பிடிக்க நீந்தி வருகிறான். கேப்டன் கோடாலியை எடுக்கிறார். கூட நின்று வெட்டுகிறவன், விழுந்தவனின் நண்பன். எதிரியே இல்லாத இந்தச் சில நிமிடங்கள் எனக்குக் கடைசிச் சண்டையைவிடப் பெரியவை. இந்தப் புயலில் நிஜமாகவே கேப் ஹார்ன் பக்கம் போய்ப் படம்பிடித்த அலைகளும் இருக்கின்றன. ஒளிப்பதிவுக்கும் ஒலித்தொகுப்புக்கும் கிடைத்த ஆஸ்கர்கள் பொருத்தமானவை.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது. நாவல்களில் கப்பல் மருத்துவர் மேட்டுரின் ஓர் உளவாளியும்கூட. படத்தில் அந்தப் பக்கமே இல்லை. அவருக்கும் கேப்டன் ஆப்ரிக்கும் இடையிலான நட்பு இருபது நாவல்களில் வளர்வது. சண்டை போடுவார்கள், பேசாமல் இருப்பார்கள், ராத்திரியானால் வயலினும் செல்லோவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டேகால் மணி நேரத்தில் இதற்கெல்லாம் இடம் ஏது? ஒரு நாவலுக்கு ஒரு பருவம் என்று நீண்ட தொடராக, அவசரமில்லாமல் எடுக்க வேண்டும்.

தொடக்கக் காட்சியை யாரும் யோசிக்கவே வேண்டாம், முதல் நாவலிலேயே இருக்கிறது. 1800 ஏப்ரல், மெனோர்கா தீவின் மஹோன் துறைமுகம். ஆளுநர் மாளிகையில் கச்சேரி. ஆப்ரி தன்னை மறந்து தாளம் போடுகிறார், அதுவும் அரைத் தட்டு முந்தி. பக்கத்து நாற்காலியில் இருக்கும் மெலிந்த மனிதர் பொறுக்கமாட்டாமல் அவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடிக்கிறார்.